பின்னறைத் துரை

தேயிலைத் தோட்டத்துத் துரைமாரை உங்களுக்குத் தெரியும். தொப்பியைத் தூரத்தில் கண்டதுமே ஒதுங்கி நின்றுவிடலாம். நான் சொல்ல வந்தது வேட்டி கட்டிய துரையை. இலங்கை மலைநாட்டில் ஹட்டனிலோ கொட்டகலையிலோ எங்கே ஒரு பின்னறை வாடகைக்கு இருக்கிறதோ, அங்கே இந்தப் பிராணி நிச்சயம் உண்டு. இதன் ராஜ்யம் ஒரே ஒரு அறை. ஆனால் அதற்குள் நுழைய, கப்பலேறிச் சீமைக்குப் போகிறவனுக்குக்கூட இல்லாத விசாரணை நடக்கும்.

நம்முடைய கந்தப்பன் ஐயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் தோட்டத்தில் துரைக்குக் கீழே கண்டாக்கு உத்தியோகம் பார்த்து, மலை மலையாக ஏறி இறங்கி ஆட்களை விரட்டி வேலை வாங்கி, ஓய்வு பெற்று, ஹட்டன் கடைவீதிக்கு மேலே ஒரு வீட்டில் குடியேறியவர். தோட்டம் அவரை விட்டுவிட்டது. அவர் தோட்டத்தை விட்டாரா? விரட்ட ஆளில்லாமல் கை அரித்ததால்தான் பின்னறையை வாடகைக்கு விட்டார். காலை ஆறு மணிக்குக் குடியிருப்பவன் தோட்டத்து ஆட்கள் வேலைக்கு முன் அணிவகுப்பதுபோல முற்றத்தில் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும். ஐயா செக்ரோல் என்கிற வரவுப் புத்தகத்தைப் பிரித்துப் பேர் கூப்பிடுவார். இருப்பது ஒரே ஆள்தான், இருந்தாலும் கூப்பிடுவார். பிந்தி வந்தால் அரைப் பேர். தோட்டத்தில் அது அரைநாள் கூலி; இங்கே, அறைக்கு நடுவே சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்துவிடுவார். அன்று பொழுது சாயும்வரை பாதி அறைதான் உங்களுக்கு!

இப்பேர்ப்பட்டவரிடம் ஐம்பத்தேழாம் வருஷம் வந்து மாட்டினார் லோரன்ஸ் மாஸ்டர். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயக் குடியிருப்பில் பிறந்தவர். ஹட்டனில் வாத்தியார் வேலை கிடைத்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. ஏழு வீடு ஏறி இறங்கியாயிற்று. ஒன்றில் கேட்ட வாடகை அவருடைய சம்பளத்தைவிடப் பெரிது. மனைவி பெற்றீசியாவுக்கோ நிறைமாதம். இந்த அறையும் இல்லையென்றால் பிள்ளை ரயில்வே ஸ்டேஷனில்தான் பிறக்கும்.

"எந்த நாடு?" என்றார் ஐயா.

"பூண்டுலோயாங்க."

"அது ஊரு தம்பி. நான் நாட்டக் கேக்குறேன்."

"இங்கதாங்க பொறந்தேன். தோட்டத்து ஆளுங்க மனுப் போட்டாத்தான் பிரஜாவுரிமைன்னு சட்டம் வந்துச்சே, போட்டு ஆறு வருஷமாச்சுங்க. இன்னும் பதில் வரலீங்க."

"அப்ப வெளிநாட்டு ஆளு! சரி, பத்துச்சீட்டு எங்க?"

தோட்டம் மாறிப் போகிற தொழிலாளிக்குப் பழைய துரை எழுதிக் கொடுக்கும் விடுகைக் கடதாசிதான் பத்துச்சீட்டு. வீடு மாறுகிறவனிடம் அதைக் கேட்ட மகான் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். பெற்றீசியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், பாவம். ஐயா அவளைக் கவனமாகப் பார்த்தார்.

"வயித்துல இருக்கிறது எந்த நாடு?"

அந்த நேரத்தில்தான் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் நூர்தீன் நானா மேலே ஏறி வந்தார். வீடு அவருடையது. ஏன் முழிக்கிறீர்கள்? வீடு கந்தப்பன் ஐயாவுடையது என்று நான் எங்கே சொன்னேன்? அவரும் வாடகைக்கு இருப்பவர்தான்!

"என்ன கண்டாக்கையா, விசாரணையா?"

"பின்னறைக்கு ஆளு எடுக்கிறேங்க மொதலாளி. வெளிநாட்டு ஆளு, அதான்..."

"ஒங்கட மனுவுக்குப் பதில் வந்திச்சா?"

ஐயா வானத்தைப் பார்த்தார். "வரும்னு சொல்றாங்க..."

"நீங்க வந்த அண்டைக்கு நல்ல மழ. நனஞ்சிக்கிட்டு நிண்டீங்க, சாவியத் தந்தேன். பத்துச்சீட்டா கேட்டேன்? இந்தப் புள்ளைக்கு அறயக் குடுங்க. இல்லாட்டி நாளைக்கிக் காலையில ஆறு மணிக்கு நான் வந்து ஒங்கட பேரக் கூப்பிடுவேன்."

சாவி உடனே வந்தது. எட்டாம் நாள் அந்த அறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. ஐயா திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் ஆறு மணிக்குச் செக்ரோலில் குழந்தையையும் சேர்த்துவிட்டார். நாடு என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'பின்னறை' என்று எழுதினார். அந்த வீட்டில் இருந்தவர்களில் நாடு கிடைத்தது அவள் ஒருத்திக்குத்தான்.

நன்றாகச் சிரிக்கிறீர்கள். போன மாசம் உங்கள் வாசலில் ஒருவர் சொட்டச் சொட்ட நனைந்து நின்று அறை கேட்டாரே, நீங்கள் முதலில் சொன்னது என்ன? "உள்ள வாங்க" என்றா? போகட்டும். நீங்கள் குடியிருக்கும் வீடு யாருடையது என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.