ஒப்தூலியாவின் எண் நாடு திரும்பிய கதை

ஒரு மனிதர் நாட்டை விட்டு வெளியே போகவேண்டுமானால் பாஸ்போர்ட் வேண்டும். விமான டிக்கெட் வேண்டும். இவ்விரண்டையும்விட முக்கியமாக, செல்பேசி நிறுவனத்தின் பரிபூரண சம்மதம் வேண்டும். முதல் இரண்டும் கையில் இருந்த தைரியத்தில்தான் ஒப்தூலியா மூன்றாவதைக் கேட்கப் போனாள்.

பராகுவேயின் என்கர்னாசியோன் நகரில், கார்னிவல் ஆட்டக்காரிகளுக்கு இறகு உடை தைப்பது அவள் தொழில். அவள் தங்கை தெயோஃபிலா மாட்ரிட்டில் வீட்டு வேலைக்குப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. பக்கத்தில் இருக்கச் சொந்தம் என்று யாரும் இல்லை. ஒப்தூலியா தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறத் தீர்மானித்தாள்.

"இறங்கினதும் போன் பண்ணுக்கா," என்றாள் தெயோஃபிலா. "எந்த வாசல்ல நிக்கறேன்னு சொல்லு, ஆள் அனுப்பறேன். நீ பாட்டுக்கு நடந்து எங்கயாவது போயிடாதே. அது நம்ம ஆத்தங்கரை இல்ல."

விஷயம் போர்ஃபிரியாவின் அழகு நிலையத்துக்கு எட்டியது. அந்த நாட்களில் ஊரில் யாரும் யாரையும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. எத்தனை ஜிபி என்றுதான் கேட்பார்கள்.

"சிம் போடற காலமெல்லாம் மலையேறிப் போச்சுடி," என்றாள் போர்ஃபிரியா, சீப்பை ஆட்டியபடி. "இப்ப எல்லாம் ஈ-சிம். கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதது தொலைஞ்சா எப்படித் தேடுவேன்?"

"ஐயோ, இவளை எல்லாம் விமானத்துல ஏத்தறாங்க பாரு! நான் ஜப்பானுக்கு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்."

"நீ எப்ப ஜப்பான் போறே?"

"போகல. தள்ளுபடில கிடைச்சுது."

முடி உலர்த்திக்கொண்டிருந்த மற்ற பெண்கள், பொருள் அறிந்து வாங்கியிருக்கிறாள் என்பதுபோலத் தலையாட்டினார்கள். ஒப்தூலியாவுக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. முறைப்படி போவோம் என்று ஞாந்து செல்பேசி நிறுவனத்தின் கிளைக்குப் போனாள். ஞாந்து என்பது பறக்கத் தெரியாத ஒரு பெரிய பறவை. வெளிநாட்டுப் பயணம் விற்கிற நிறுவனம் அந்தப் பெயரை ஏன் வைத்துக்கொண்டது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

அங்கே டெர்லிஸ் என்கிற இளைஞன் உட்கார்ந்திருந்தான். சட்டைப்பையில் 'பயண மகிழ்ச்சி ஆலோசகர்' என்று எழுதியிருந்தது. குளிர்ந்த தெரெரே மூலிகைத் தேநீரை நிதானமாக உறிஞ்சிவிட்டு அவள் எண்ணைக் கணினியில் தட்டினான். முகத்திலிருந்த மகிழ்ச்சி கொஞ்சம் குறைந்தது.

"அம்மா, உங்களுக்கு ரோமிங் தர முடியாது. நீங்க ஏற்கனவே வெளிநாட்டுலதான் இருக்கீங்க."

"நானா? உன் முன்னாடி உக்காந்திருக்கேனேப்பா!"

"நீங்க உக்காந்திருக்கீங்க. உங்க எண் அர்ஜென்டினாவுல இருக்கு. பல வருஷமா ராத்திரி எல்லாம் அங்கதான் தூங்குது."

ஒப்தூலியாவுக்குப் புரிந்துபோயிற்று. அவள் வீடு பரானா ஆற்றை ஒட்டியது; அக்கரை அர்ஜென்டினா. போனை சமையலறை ஜன்னலோரம் சார்ஜ் போடுவாள். அக்கரை டவர்தான் அங்கே எடுக்கும். ஆற்றோரத் தெருவில் எல்லோர் கதையும் அதுதான்.

"அது டவர் செய்யற கோளாறுப்பா. ஜன்னலை வேணா மூடிடறேன்."

"ஜன்னல் எங்க துறை இல்லைம்மா," என்று டெர்லிஸ் மேலாளரைக் கூப்பிட்டான்.

மேலாளர் நிமியா, பொதுக்கூட்டத்தில் பேசுவதுபோல நின்றுகொண்டே பேசினார். "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, பயணத் திட்டங்கள் தாய்நாட்டிலிருந்து புறப்படும் எண்களுக்கு மட்டுமே. வெளியே போகணும்னா முதல்ல உள்ளே இருக்கணும் இல்லையா? உங்க எண் முறைப்படி நாடு திரும்பட்டும். பிறகு மனமார வழியனுப்பி வைப்போம்."

"எப்படித் திரும்பும்? பாலத்துல நடந்து வருமா?"

"தொடர்ந்து சில ராத்திரி நம்ம மண்ணுல தூங்கணும். நம்பகமான இடத்துல. அதாவது, இங்கே."

பின்னறைக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே அலமாரி அலமாரியாகப் போன்கள், குழந்தைகள்போலக் கிடத்தப்பட்டிருந்தன. மேலே 'நாடு திரும்புவோர் முகாம்' என்று பலகை. ஆற்றோரத் தெருவில் பாதிப்பேர் போன் அங்கேதான் இருந்தது. அவர்களில் பலர் எந்த ஊருக்கும் போகப்போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் திரும்பும்போது தாங்கள் மட்டும் அந்நியராக இருந்தால் நன்றாக இருக்காதே என்று கொண்டுவந்து வைத்தவர்கள்.

ஒப்தூலியாவும் தன் போனை வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் இறகுகளை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றினாள், பெட்டி கட்டினாள், அடிக்கடி வெறும் பையைத் தடவிப் பார்த்தாள். போனைத் திரும்ப வாங்கப் போன அன்று டெர்லிஸ் பாராட்டுகிற குரலில் சொன்னான்:

"உங்க போன் விடாம அடிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா. ஸ்பெயின் நம்பர்."

"எடுத்துப் பேசக் கூடாதா? இல்ல, எனக்கு ஆளாவது அனுப்பக் கூடாதா?"

"எடுத்தா தூக்கம் கலைஞ்சிடும். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அவள் அங்கேயே நின்று தங்கையைக் கூப்பிட்டாள். அறுவை சிகிச்சை நாளை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். அக்கா இறங்குகிற காலையிலேயே நடக்கும். "நான் மயக்கத்துல இருப்பேன்க்கா. கூட குடியிருக்கற மிஹாயேலாவைக் கூப்பிடு, நம்பர் அனுப்பியிருக்கேன்," என்ற தெயோஃபிலா, கொஞ்சம் நிறுத்தி, "வந்துடுவேதானே?" என்றாள். அந்தக் குரலில் பழைய அதட்டல் இல்லை. ஒப்தூலியா சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

டெர்லிஸ் மூன்று திட்டங்களை விலை ஏறுகிற வரிசையில் விரித்துவைத்தான். 'உலகக் குடிமகள்', 'கவலையற்ற கண்டம்', 'பொன்வானம்'.

"எது ஸ்பெயின்ல வேலை செய்யும்?"

"மூணும் செய்யும்மா. இறங்கினதும் ஒரு செய்தி வரும், அதுக்கு 'ஆம்'னு பதில் அனுப்பினா ரோமிங் தொடங்கிடும்."

"ரோமிங் இல்லாம பதில் எப்படிப் போகும்?"

"அதுக்குத்தானேம்மா ரோமிங் வாங்கறீங்க," என்றான் டெர்லிஸ், பொறுமையாக.

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவள் உலகக் குடிமகளானாள்.

மாட்ரிட்டில் இறங்கியதும் செய்தி வந்தது. 'உலகக் குடிமகளே, அர்ஜென்டினாவுக்கு நல்வரவு!' அவள் 'ஆம்' என்று அனுப்பினாள். போகவில்லை. மறுபடி அனுப்பினாள். உதவிக்கு அழைக்கச் சொன்ன எண்ணை அழைக்க ரோமிங் வேண்டும் என்றது. சுவரில் 'இலவச வைஃபை' என்று பார்த்து ஓடினாள். அதைத் திறக்க வேண்டிய எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்புவதாகச் சொன்னது; அது வரவே இல்லை. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டே அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எங்கோ ஓர் அறையில் தங்கையை மேஜையில் கிடத்தியிருப்பார்கள். எந்த ஆஸ்பத்திரி என்றுகூடத் தெரியாது.

அப்போது, தெரெரேக்கான, தோல் உறை போட்ட பெரிய தண்ணீர்க் குடுவையைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு ஒருவர் போனார். அப்படி அணைப்பவர் பராகுவேக்காரரைத் தவிர வேறு யார்? ஒப்தூலியா தங்கள் நாட்டுக் குவாரனி மொழியில் கத்தினாள். அவர் நின்றார். பெயர் சிந்துல்ஃபோ. தன் போனை நீட்டினார். அதிலும் அர்ஜென்டினா நல்வரவு சொல்லிக்கொண்டிருந்தது.

"நீங்க எந்தத் திட்டம்?" என்றாள்.

"பொன்வானம்," என்றார் அவர், தரையைப் பார்த்து.

இருவருமாகக் காப்பிக் கடைக்குப் போய், மேஜை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்கள். அவள் ஒன்றும் கேட்காமல் தன் போனை எடுத்துக் கொடுத்தாள். மிஹாயேலா வந்தாள். தெயோஃபிலா கண் விழித்தபோது, கட்டிலருகே அக்கா பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"போன் வரவே இல்லையேக்கா. நீ வரலைன்னு நெனச்சேன்."

"போன்தான்டி வரல. நான் வந்துட்டேன்," என்று ஒப்தூலியா அவள் நெற்றியில் கை வைத்தாள். இருவரும் நெடுநேரம் அழுதார்கள். அந்த வார்டில் அதற்கு எந்தத் திட்டமும் தேவைப்படவில்லை.

தங்கை கோலூன்றி நடக்கத் தொடங்கிய பிறகு ஒப்தூலியா ஊர் திரும்பினாள். அழகு நிலையத்தில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். போர்ஃபிரியா மகனைப் பார்க்கச் சிலிக்குப் போகிறாளாம்.

"சொல்லுடி, ஞாந்து அங்கே எப்படி?"

ஒப்தூலியா வாயைத் திறந்தாள். நடந்ததைச் சொல்லத்தான் திறந்தாள். ஆனால் எல்லாக் கண்களும் அவள்மேல் இருந்தன. அவள் ஐரோப்பா போய்வந்தவள். மூக்கைச் சிந்திக்கொண்டு யாரோ ஒரு பெண்ணின் போனுக்குக் கையேந்தி நின்றேன் என்று அங்கே எப்படிச் சொல்வது?

"அருமையா எடுத்துச்சு," என்றாள். "நான் உலகக் குடிமகள் போட்டேன். நீ யோசிக்காம பொன்வானமே போடு."

போர்ஃபிரியா அன்றைக்கே போய் வாங்கினாள். கூட இருந்த மூன்று பேரும், எங்கும் போகாவிட்டாலும், ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

என்கர்னாசியோனில் ஞாந்து நிறுவனம் ஒரு விளம்பரப் பலகைகூட வைத்தது கிடையாது. அதற்குத் தேவையே வரவில்லை.