சம்பந்தி அனுப்பிய மெஷின்

பஞ்சநாதன் ஆசாரி பலகைகளைக் கோத்துப் பார்த்தார். டிராயர் உள்வெளியாக வந்திருந்தது. ஆசையாக இழைத்த தேக்கு முகம் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. முடிச்சு விழுந்த பின்பக்கம் கூச்சமில்லாமல் வெளியே நின்றது.

மகள் அம்சவள்ளிக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்கவேண்டிய டிரெஸ்ஸிங் டேபிளின் டிராயர் அது.

தா.பழூர் சம்பந்தி வீரமுத்துவும் ஆசாரிதான். அவருடைய மூத்த மகன் சிங்கப்பூரிலிருந்து ரூட்டர் என்று ஒரு மெஷின் கொண்டுவந்திருந்தான். கூடவே சீப்பு மாதிரி பல் வைத்த ஓர் இரும்புச் சட்டம். சட்டத்தில் பலகையை இறுக்கி மெஷினை ஓட்டினால், புறா வாலைப் போல விரிந்த பற்கள் விழும்; ஒன்றுக்குள் ஒன்று கோத்தால் இழுத்தாலும் வராது. இரண்டையும் அரியலூர் பஸ்ஸில் ஏற்றி, சம்பந்தி ஒரு சேதியும் சொல்லி அனுப்பியிருந்தார்.

“டிராயர் பல்லை இதுலயே வெட்டிடுங்க. வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன்.”

பஞ்சநாதனுக்கு அது பரீட்சையாகவே பட்டது. அம்சவள்ளிக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் ஒரு டிராயரால் போய்விட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

பிழை அவருடைய நல்ல பழக்கத்தில் இருந்தது. பலகையின் நல்ல முகத்தை எப்போதும் வெளியே பார்க்க வைத்தே வேலை செய்தவர். இந்தச் சட்டத்திலோ நல்ல முகத்தை உள்பக்கம் திருப்பி இறுக்க வேண்டும். மூளைக்குப் புரிந்துவிட்டது, கைக்கு மனம் வரவில்லை.

கெட்டுப்போன பற்களை அறுத்துத் தள்ளிவிட்டு மறுபடி வெட்டினார். இந்த முறை முகம் சரி, ஆழம் தப்பு. பற்கள் லொடலொடவென்று ஆடின. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தார். அது கோணலாகக் காய்ந்து இறுகிவிட்டது. அதையும் அறுத்தெறிந்துவிட்டு மெஷினை ஓட்டியபோது பக்கத்து ரைஸ்மில் ஓடத் தொடங்கியது. வோல்டேஜ் விழுந்தது. மெஷின் பாதி வழியில் முனகிப் பலகையைக் கடித்துத் துப்பியது. ஒவ்வொரு தடவை அறுத்தபோதும் டிராயர் குறுகிக்கொண்டே வந்தது.

மனைவி ஜெகதாம்பாள் வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

“இதுல என்னத்த வக்கிறது? பொட்டு வக்கலாமா?”

அவர் மெஷினைச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தார். புதுப் பலகை எடுத்து, வழக்கமான உளியோடு உட்கார்ந்தார். கைவேலை என்று தெரிந்தால் சம்பந்திக்கு மரியாதைக் குறைவாகிவிடுமே என்று, மெஷின் வெட்டியதைப் போலவே எல்லாப் பல்லையும் ஒரே அளவில் வெட்டினார். மெஷின் பல்லின் மூலையில் விட்டுப்போகும் வளைவைக்கூட உளியாலேயே செதுக்கினார். வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமான வேலை. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாதது அவருக்கு வருத்தமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வீரமுத்துவும் அவர் மனைவி சுந்தராம்பாளும் வந்தார்கள். வீரமுத்து டிராயரை உருவி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மூட்டில் நகத்தை ஓட்டினார்.

“சம்பந்தி, ஒரு துண்டுப் பலகையில வெட்டிக் காட்டுங்களேன்” என்றார் கடைசியில்.

“கரண்டு இல்லீங்களே.”

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஜெகதாம்பாள் ஓசைப்படாமல் நகர்ந்துபோய் அதை அணைத்தாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுவரை வாயே திறக்காத சுந்தராம்பாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“கரண்டு வர்ற வரைக்கும் இருக்கோம்ங்க. முகூர்த்தம் போன வாரமே பாத்தாச்சு. அந்த மெஷின்ல இவருக்கு ஒரு டிராயரும் சேர மாட்டேங்குது, நீங்க எப்படி வெட்டுறீங்கன்னு பாத்துக் கத்துக்கத்தான் பஸ்ஸுல ஏத்தி வுட்டாரு.”