தொட்டிதான் தப்பு

மாடல் பார்ப்பவர் என்று ஓர் இனம் இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் ஒரு தொட்டிக்குள் எப்படிக் கலக்கும் என்பதை, தொட்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் கம்ப்யூட்டரில் கண்டுபிடிப்பவர். கண்டுபிடிப்பவர் என்றா சொன்னேன்? அவசரப்பட்டுவிட்டேன். கண்டுபிடிக்க எந்தக் கணக்குமுறை ஏற்றது என்று யோசித்துக்கொண்டே இருப்பவர். அந்தக் கணக்குமுறைக்குத்தான் மாடல் என்று பெயர்.

நான் அறிந்தவர் தீக்காயக் களிம்பு செய்யும் தொழிற்சாலையில் இருந்தார். அங்கே எண்ணெயும் தண்ணீரும் தொட்டிக்குள் ஒற்றுமையாக இருப்பதுபோல் நடித்துவிட்டு, குப்பிக்குள் போனதும் தனிக்குடித்தனம் போய்க்கொண்டிருந்தன. இரண்டு முறை சரக்கு திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதும் கெட்டால் கலவைப் பிரிவையே மூடிவிடுவதாகச் சொல்லி மேனேஜர் ஒரு மாதம் கெடு வைத்துவிட்டார். அந்தப் பிரிவில் இருந்தது ஒரே தொட்டி. அதைப் பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிற ஒரே அம்மாள். எல்லோருக்கும் அவள் தொட்டியக்கா.

"கலக்குற துடுப்ப எந்த வேகத்துல சுத்த விடணும்? அத மட்டும் சொல்லுங்க சார், போதும்" என்று கேட்டாள் அக்கா.

"வேகம் கிடக்கட்டும்மா. முதல்ல மாடல் முடிவாகணும்."

பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கூட நாலு பேரிடம் குறை கண்டபின் ஐந்தாவது ஆளுக்குத் தலையாட்டிவிடுவார். நம்மவர் ஆட்டுவாரா? ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் பின்னாலேயே துரத்திக்கொண்டு போகும் மாடல் ஒன்று. துளிகளோ பல கோடி, துரத்தி முடிக்க எழுபது வருடம் ஆகும் என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. எண்ணெயும் தண்ணீரும் முட்டிக்கொள்ளும் எல்லையைக் கோடு போட்டுக் காட்டும் மாடல் ஒன்று. பெரிய அலைக்கு அருமை, பொடித்துளி அதன் கண்ணுக்கே தெரியாது. இரண்டையும் ஒரே கூழாக நினைத்துக்கொள்ளும் மாடல் இன்னொன்று. அதன் கணக்குப்படி எல்லாம் பிறக்கும்போதே கலந்தாயிற்று. இப்படி ஒன்றை எடுத்து ஒன்றைப் போட்டு மூன்று வாரத்தை ஓட்டிவிட்டு, கடைசியில் வேறொன்றுக்குச் சம்மதித்தார். ஏன் அதற்கு? அதில் வரும் படத்தில் ஆரஞ்சு நிறம் எடுப்பாக இருந்ததாம்!

அதற்கும் நிபந்தனை உண்டு.

"தொட்டில குமிழி வரக்கூடாது. மாடல்ல குமிழி கிடையாது."

"கலக்கினா வரத்தானே சார் செய்யும்?"

"வர வேண்டாம்னு சொல்லுங்க."

அக்கா யாரிடம் போய்ச் சொல்வாள்? அடுத்து, மூடியின் கைப்பிடி கம்ப்யூட்டர் படத்தில் இல்லை என்று அதை அறுத்தெடுக்கச் சொன்னார். அன்று முதல் அக்கா மூடியைக் கடப்பாறையால் நெம்பித்தான் திறந்தாள்.

கெடுவுக்கு ஒரு வாரம் இருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கா, எண்ணெயை மொத்தமாகக் கொட்டாமல் நூல்போல ஊற்றி, டார்ச் அடித்துப் பார்த்துப் பார்த்துத் துடுப்பை முடுக்கினாள். களிம்பு வழவழவென்று திரண்டது. குப்பியில் அடைத்து ஒரு வாரமும் வைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு பிரியவில்லை.

அப்பாடா என்கிறீர்களா? வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்! கெடு நாளன்று மாடல் பார்ப்பவரின் அறிக்கை வந்து சேர்ந்தது. நூற்றிருபது பக்கம். 'இந்தத் தொட்டியில் இந்தக் களிம்பு கலந்திருக்க முடியாது.'

மேனேஜர் குப்பியைக் குலுக்கிப் பார்த்தார். "கலந்திருக்கே?"

"கலந்தமாதிரி தெரியுது சார். தொட்டி தப்பா ஓடுது."

குப்பியைவிட அறிக்கை கனமாக இருந்தது. அவ்வளவு நல்ல களிம்பையும் சாக்கடையில் ஊற்றினார்கள். மூன்றாவது சரக்கும் கெட்டதாகத் தீர்மானித்துப் பிரிவை இழுத்து மூடினார்கள். "கண்ணால பாத்தீங்களே சார், பாத்தீங்களே!" என்று வாசல்வரை கேட்டுக்கொண்டே போனாள் அக்கா. மாடல் பார்ப்பவருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள்.

உங்களுக்கு ஆத்திரம் வந்திருக்கும், நல்லது. ஆனால் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். 'அப்படியானால் எந்த மாடலைத்தான் எடுத்திருக்க வேண்டும்?' என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி அரித்ததா, இல்லையா? அந்த அக்கா இப்போது எங்கே வேலை தேடி அலைகிறாளோ என்ற கேள்விக்கு முன்னாலேயே அரித்ததா? அப்படியானால் வாருங்கள், மாடல் பார்ப்பவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.