எட்டாம் மாடியின் ரெக்கார்டு

பொங்கோல் கொண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பின் உடற்பயிற்சி அறை வாசலில் மாட்டியிருந்த பலகையை ஃபாரூக் திரும்பத் திரும்ப வாசித்தார். எப்படி வாசித்தாலும் அது மாறவில்லை. முதலிடத்தில் இருந்த 08-14 இரண்டாவது வரிக்கு இறங்கியிருந்தது. அதன் தலைமேல் 03-02 ஏறி உட்கார்ந்திருந்தது.

08-14 அவருடைய வீடு. 03-02 கபிலன் என்ற இளைஞனின் வீடு.

சண்டை ரோயிங் மெஷினைப் பற்றியது. தண்ணீரே இல்லாத இடத்தில் உட்கார்ந்து துடுப்பு இழுக்கும் அந்தச் சாதனத்தில், வீட்டு எண்ணை அழுத்திவிட்டு ஐந்நூறு மீட்டர் இழுக்க வேண்டும். எந்த வீட்டின் நேரம் குறைவோ அந்த எண் மாதக் கடைசியில் பலகையின் உச்சிக்குப் போகும். போன மாதம் 08-14 போனது. இரண்டு நிமிடம் ஐந்து விநாடி.

ஃபாரூக்குக்கே அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. இழுக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிறவர் அவர். முடித்து, மூச்சு வாங்கி, நிமிர்வதற்குள் திரை அணைந்துபோயிருக்கும். ஆனாலும் யோசித்துப் பார்த்ததில், இரண்டு முர்தபா சாப்பிட்டுவிட்டு இழுத்த அந்த வெள்ளிக்கிழமையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்.

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சிராங்கூன் ரோட்டில் அவருக்குப் பயணப்பெட்டிக் கடை. பெட்டி வாங்க வந்தவர்கள் அவருடைய புஜத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் தொடங்கி ஐம்பத்திரண்டு வயதுவரை எதிலும் முதலாவதாக வராத மனிதர். அந்த ஒரு வரி போனது அவருக்கு உண்மையாகவே வலித்தது.

"விடுங்களேன். அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றாள் மனைவி ரஷீதா.

அவர் விடுகிறவராக இல்லை. நேராகக் கொண்டோ மேனேஜர் அருண்ராஜிடம் போனார்.

"தம்பி, அவன் இழுத்தது புது மெஷின். பழசுல காலு வைக்கிற பலகை அசையாது. நம்ம உடம்பையே நாம முன்னும் பின்னும் சுமக்கணும். புதுசுல அந்தப் பலகை நகந்து ஆளத் தேடி வருது. ரெண்டு நேரத்தையும் ஒரே போர்டுல எழுதுறது எப்படி fair-ஆகும்?"

அருண்ராஜ் நியாயஸ்தன். இணையத்தில் தேடிப் படித்துவிட்டு, ஃபாரூக் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டான். உடம்பைச் சுமக்க வேண்டாம் என்பதால், கனமான ஆட்களுக்குத்தான் புது மெஷினில் அதிக லாபமாம். இதைச் சொல்லும்போது ஃபாரூக்கின் வயிற்றைப் பார்க்காமல் இருக்க அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பக்கத்தில் நின்ற கபிலன் அதைப் பிடித்துக்கொண்டான். "அப்படின்னா அண்ணே, புதுசுல நீங்க என்னவிட வேகமாப் போவீங்களே?"

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னிலையிலும் இருவரும் இரண்டு மெஷினிலும் இழுப்பது என்று முடிவாயிற்று. நியாயம் கேட்டவரே அவர்தான். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வார்?

அன்று மாலையே பழைய மெஷினில் பயிற்சி தொடங்கியது. திரையைப் பார்த்து நேரம் சொல்லும் வேலை ரஷீதாவுக்கு.

"ரெண்டு நாப்பத்தெட்டு" என்றாள் அவள், முடிந்தவரை மெதுவாக.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னார். துடைத்த பிறகும் அதே நாற்பத்தெட்டு. இன்னொரு முறை இழுத்தார், மூன்று நிமிடத்தைத் தொட்டது. ஆகவே மெஷினில்தான் கோளாறு.

சர்வீஸ் செய்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஆள் வந்து, இழுப்புக்குக் கனம் தரும் காற்றாடியின் கூண்டில் அடைந்திருந்த தூசியையெல்லாம் உறிஞ்சி எடுத்தான். தூசி போனதும் உள்ளே காற்று தாராளமாகப் புகுந்தது, பிடியும் முன்னைவிடக் கனத்தது. காற்றைக் குறைக்கும் நெம்புகோலை அடிமட்டத்துக்கு இறக்கினார். இப்போது கை பறந்தது, மீட்டர் நகரவில்லை. வயிற்றைக் குறைத்தால் சரியாகும் என்று இரண்டு நாள் வெள்ளரிக்காயும் தக்காளியுமாகத் தின்றார். வயிறு அப்படியே இருந்தது, தெம்புதான் போயிற்று.

சனிக்கிழமை அவருடைய முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே ரஷீதா ஆரம்பித்தாள். "நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"எதுவா இருந்தாலும் நாளைக்கு ஜெயிச்சதுக்கு அப்புறம் சொல்லு."

அவள் தைலத்தை மூடி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாதிக் கொண்டோ கூடியிருந்தது. கபிலன் முதலில் புதியதிலும், சற்று இளைப்பாறிவிட்டுப் பழையதிலும் இழுத்தான். இரண்டுக்கும் ஒரே ஒரு விநாடிதான் வித்தியாசம், இரண்டிலுமே 08-14-இன் ரெக்கார்டு உடைந்தது. மெஷின்மேல் போட்ட பழி அங்கேயே செத்துவிட்டது.

ஃபாரூக் புதியதில் எப்படியோ கரை சேர்ந்தார். பழையதில் பாதி தூரம் தாண்டியதும் பிடி கையிலிருந்து நழுவியது. அவர் பக்கவாட்டில் சரிந்து, தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். ரஷீதா ஓடிவந்து தலைக்கடியில் துண்டை வைத்தாள்.

"இந்தப் பழைய மெஷின் போச்சு" என்றார், படுத்தபடியே. "கபிலன் காலுல ஸ்ப்ரிங் வச்சுப் பொறந்தவன், அவன விடுங்க. சாதாரண ஆளு யாராலயும் இதுல ரெண்டு அஞ்சு எடுக்க முடியாது."

அருண்ராஜ் தயங்கினான். "அப்படின்னா போன மாசம் வந்த ரெண்டு அஞ்சும் மெஷின் கோளாறாத்தான் இருக்கணும் சார். போர்டுல 08-14-ஐ முழுசா எடுத்துர்றதுதான் fair."

முதலிடம் போனதற்கே தூக்கம் கெட்டவர். இருந்த இரண்டாமிடத்தையும் தன் வாயாலேயே இழந்துவிட்டோம் என்று புரிந்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. வியர்வையோடு வியர்வையாக அது யாருக்கும் தெரியவில்லை. ரஷீதா எதையோ சொல்ல வாயெடுத்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் கபிலனின் மனைவி சிவானி ஆஸ்பத்திரி வேலை முடிந்து, சீருடையோடு வந்து சேர்ந்தாள். ஒரு வாரமாக இரவு வேலையில் இருந்தவளுக்கு நடந்ததையெல்லாம் கபிலன் சுருக்கமாகச் சொன்னான். புகார், சர்வீஸ், வெள்ளரிக்காய், இப்போது ரெக்கார்டு அழியப்போவது எல்லாவற்றையும் கேட்டு முடித்தவள், தரையில் கிடந்த ஃபாரூக்கை மிகுந்த மரியாதையோடு பார்த்தாள்.

"போன மாசம் ஒரு நாள் காலையில நீங்க கடைக்குப் போனதும் ரஷீதாக்கா என்கூட வந்து இழுத்த ரெக்கார்டுக்காகவா இத்தன பாடு பட்டீங்க? பொண்டாட்டிக்காக இப்படி உயிரக் குடுக்குற புருஷன நான் பாத்ததே இல்லண்ணே."