நிறம் என் பொறுப்பு, கரண்ட் அவள் பொறுப்பு

இந்த முறை சுவருக்கு என்ன நிறம் என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று சபதம் எடுத்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடங்களில் இதுதான் என் முதல் சபதம். அதற்கு முன்னால் எடுத்ததெல்லாம் சபதம் இல்லை, விண்ணப்பம்.

என் பெயர் மெலிஸ். ஏரிக்குப் பக்கத்து ஊரான காரகோலில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். என் மனைவி புருல் வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள். ஊரில் பாதி ஜன்னல்கள் அவள் தைத்த துணியை உடுத்திக்கொண்டுதான் நிற்கின்றன. ஒரே மகள் அய்பிகே.

அய்பிகேவால்தான் விஷயமே ஆரம்பித்தது. ஏரியின் மறுகோடியில் இருக்கும் பாலிக்சியிலிருந்து பையன் வீட்டார் போன் செய்தார்கள். இரண்டு ஞாயிறு விட்டு மூன்றாவது ஞாயிறு கம்மல் போட வருகிறார்களாம். பையனின் அம்மா பெண்ணின் காதில் கம்மலைப் போட்டுவிட்டால் சம்பந்தம் முடிவானது. போடும்வரை எதைப் பார்த்து வேண்டுமானாலும் முகம் சுளித்துக்கொண்டு திரும்பிப் போகலாம்.

எங்கள் ஹால் சுவரில் முகம் சுளிக்க ஏராளமாக இருந்தது. மேல்மாடியிலிருந்து தண்ணீர் ஒழுகிய கறை ஏரி மாதிரி பரவியிருந்தது. பக்கத்தில் சுவிட்சைச் சுற்றிப் பல வருடக் கைரேகை. போலீஸ் வந்தால் எங்கள் வம்சத்தையே அடையாளம் கண்டுவிடலாம்.

"ஆள் கூப்பிட்டு பெயிண்ட் அடிச்சிடலாங்க" என்றாள் புருல்.

"ஆள் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?"

"அதைத்தாங்க நானும் ரொம்ப நாளா யோசிக்கிறேன்."

நான் பத்திரிகையை எடுத்துப் பிரித்தேன். 'வீட்டுப் பராமரிப்பு' என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. மேல் பாதியில் சுவர் நிறம், கீழ்ப் பாதியில் மின்சாரப் பாதுகாப்பு. உரக்கப் படித்தேன்.

"கேளு. சின்ன அறைக்கு வெளிர் நிறம். கூரைக்கு வெள்ளை. கடையில நிற அட்டையப் பாத்து முடிவு பண்ணக்கூடாது. சுவர்லயே முழ அகலத்துக்குத் தடவி, காலையில ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வெளிச்சத்துல ஒரு தடவை பாக்கணும். வடக்குப் பாத்த அறைக்கு வெதுவெதுப்பான நிறம்..."

"நம்ம ஹால் வடக்குப் பாத்ததுதானே?"

"அது பொது விதி. பொதுஜனத்துக்கு எழுதினது."

"அப்ப நீங்க என்ன நிறம் நினைக்கிறீங்க?"

"புதினாப் பச்சை. இல்லைன்னா ஆகாய நீலம். படிச்சவன் வீடுன்னு பாத்ததும் தெரியும்."

புருல் பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, கீழ்ப் பாதியை நிதானமாகப் படித்தாள். நான் மேல் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். மின்சாரம் பற்றி எனக்கே பத்திரிகை பாடம் நடத்துவதா?

மறுநாள் சனிக்கிழமை காலை வேலை ஆரம்பம். சோப்புத் தண்ணீரால் சுவரைக் கழுவினேன். அடுத்தது சுவிட்ச் மூடியைக் கழற்ற வேண்டும். படிக்கட்டருகே உள்ள பெட்டியில் மூன்று வீட்டு மெயின் சுவிட்சும் வரிசையாக இருக்கும். எண் அழிந்து எந்தக் காலமோ ஆயிற்று. நடுவில் இருந்ததை அணைத்துவிட்டு வந்தேன்.

"கரண்ட் போயிடுச்சா?" என்றாள் புருல்.

"போயிடுச்சு."

"ஃபிரிட்ஜ் உறுமுதே?"

"பழக்கதோஷம். கொஞ்ச நேரம் உறுமும்."

"டெஸ்டர் வச்சுப் பாத்துடுங்களேன். பத்திரிகையில போட்டிருக்கான். அணைச்ச பிறகும் சோதிக்காம தொடக்கூடாதாம்."

"புருல், இருபத்தேழு வருஷமா பிள்ளைங்களுக்கு மின்சாரம் சொல்லிக் குடுக்கறவன் நான்."

"சொல்லிக் குடுத்தீங்க. தொட்டிருக்கீங்களா?"

"தொட வேண்டிய அவசியம் வரலை."

"கையாவது துடைச்சிட்டுத் தொடுங்க. சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு."

துடைக்கவில்லை. மூடியைக் கழற்றி விரலை நீட்டினேன். அடுத்த கணம் நான் சோபாவில் இருந்தேன். அங்கே நடந்து போன ஞாபகம் இல்லை. என் மூக்குக் கண்ணாடி புருலின் தையல் மெஷின்மேல் இருந்தது. அதுவும் நடந்து போகவில்லை.

"அப்பா!" என்று அலறிக்கொண்டு அய்பிகே ஓடிவந்தாள்.

"கிட்டப் போகாதே" என்று அவளைப் பிடித்து நிறுத்தினாள் புருல். கம்பியைவிட்டு நான் முழுதாக விலகியிருக்கிறேனா என்று ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம்தான் பக்கத்தில் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நெஞ்சு வலிக்குதா? மூச்சு வருதா? எத்தனை பேர் தெரியறோம்?"

"ரெண்டு பேர்."

"சரியாத்தான் இருக்கீங்க."

அதே நேரம் கதவு இடிபட்டது. பக்கத்து வீட்டு ஸினாயிதா. இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வாத்தியாரே! எங்க வீட்டு கரண்டை அணைச்சது யாரு? துணி மெஷின் வயிறு முட்டத் தண்ணியோட நிக்குது. என் போர்வை உள்ள மாட்டியிருக்கு!"

"அவரும் இப்பத்தான் மாட்டினாரு" என்றாள் புருல்.

"செத்துக்கித்து வச்சிடப் போறாரு. கம்மல் போடற நேரத்துல."

"அதான் நானும் சொல்றேன். தேதி குறிச்சாச்சு."

என் உயிரைவிடக் கம்மல் தேதி முக்கியமாகப் போனதை நான் சோபாவில் படுத்தபடி கவனித்தேன்.

புருல் போய் ஸினாயிதாவின் சுவிட்சைப் போட்டாள். எங்களுடையதை அணைத்தாள். பெட்டியில் 'போடாதே, வேலை நடக்கிறது' என்று எழுதி ஒட்டினாள். ஃபிரிட்ஜ் உறுமலை நிறுத்தியது. கையைத் துடைத்துக்கொண்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டாள். டெஸ்டர் எரிகிறதா என்று முதலில் ஸினாயிதா வீட்டுப் பிளக்கில் சோதித்தாள். அப்புறம் எங்கள் கம்பி ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தாள். வெற்றுக் கம்பி முனைகளில் மூடி போட்டாள். கால் மணி நேரத்தில் முடிந்தது. பத்திரிகையின் கீழ்ப் பாதி முழுக்க அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

பிறகு தேநீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதோ பாருங்க. இனிமே உங்களோட சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. பொறுப்பைப் பிரிச்சுக்கலாம். கரண்ட் சம்பந்தமா என்னன்னாலும் அது என் பொறுப்பு. சுவிட்ச், பிளக், பல்பு, எதையும் நீங்க தொடக்கூடாது."

"சரி. நிறம்?"

"நிறம் முழுக்க முழுக்க உங்க பொறுப்பு. நான் வாயே திறக்க மாட்டேன்."

என் காதையே நம்ப முடியவில்லை. கரண்ட் அடித்த அதிர்ச்சியில் அப்படிக் கேட்கிறதோ என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னாள். ஒரே ஒரு விரலைக் கொடுத்து ஒரு வீட்டுச் சுவரையே வாங்கிவிட்டேன். மலிவு என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் கடைக்குப் போனோம். புதினாப் பச்சையும் ஆகாய நீலமும் சின்ன டப்பாவில் வாங்கினேன்.

"அந்த இளம் ஆரஞ்சு, ஆப்ரிகாட் பழ நிறத்துலயும் ஒரு டப்பா வாங்கிக்கோங்க" என்றாள் புருல்.

"எதுக்கு?"

"எவ்வளவு மோசமா இருக்கும்னு பாக்கத்தான். ஒப்பிட ஒண்ணு வேணாமா? நீங்கதானே சோதனைன்னா ஒப்பிடணும்பீங்க?"

அறிவியல்பூர்வமாகப் பேசினாள். வாங்கினேன்.

மூன்று நிறத்தையும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தடவினேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டேன். காலை, மாலை, குறிப்பு. திங்கட்கிழமை காலை பச்சை அருமையாக இருந்தது. எழுதினேன்: 'அருமை.'

சாயங்காலம் விளக்கைப் போட்டாள் புருல். "பழைய பல்பு போயிடுச்சு. வேற மாட்டியிருக்கேன்" என்றாள். அது அவள் பொறுப்பு. நான் தலையாட்டினேன்.

"அய்பிகே, அந்தப் பச்சைக்கு முன்னாடி உக்காரும்மா. கம்மல் போடறப்ப அங்கதான் உக்காருவே" என்றேன்.

உட்கார்ந்தாள். குழந்தையின் முகம் ஆஸ்பத்திரியிலிருந்து பாதியில் எழுந்து வந்த மாதிரி இருந்தது.

"உனக்கு உடம்புக்கு என்னம்மா?"

"ஒண்ணும் இல்லப்பா" என்று மெல்ல இருமினாள்.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்றாள் புருல். "பச்சையே அடிச்சிடுங்க."

"என்ன நல்லா தெரியுது? வர்ற சம்பந்தி பொண்ணைப் பாப்பாங்களா, டாக்டரைக் கூப்பிடுவாங்களா?"

பச்சையை அடித்துவிட்டேன். அதாவது நோட்டில்.

செவ்வாய்க்கிழமை நீலம். காலையில் ஆகாயம். சாயங்காலம் அதன் முன்னால் அய்பிகே உட்கார்ந்தபோது, ஏரியில் மூழ்கியவளை அப்போதுதான் கரையேற்றிய மாதிரி இருந்தது. எழுதினேன்: 'நீலம் கூடாது. உதடும் நீலம்.'

புதன்கிழமை பள்ளியிலிருந்து வந்தேன். ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அய்பிகே தானாகவே ஆப்ரிகாட் நிறத்தின் முன்னால் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கன்னத்தில் செம்மை. கூந்தலில் பளபளப்பு. இவ்வளவு அழகான பெண் நமக்கு எப்படிப் பிறந்தாள் என்று ஒரு கணம் கணக்கே தவறியது.

"புருல்! இங்க வா! இதைப் பாரு!"

வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "வேண்டாங்க."

"ஏன் வேண்டாம்?"

"ரொம்ப பகட்டா இருக்கு. சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்க? பச்சையே போதும்."

"அந்தச் சீக்குப் பச்சையா?"

"சரி, நீலம்."

"முடியாது! நிறம் யார் பொறுப்பு?"

"உங்க பொறுப்பு."

"வாயே திறக்க மாட்டேன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப ஆப்ரிகாட்தான். இது முடிவு!"

மேஜையைத் தட்டினேன். இருபத்தாறு வருடத்தில் நான் தட்டி அந்த மேஜை கேட்டதே இல்லை. புருல் நீளமாகப் பெருமூச்சு விட்டாள். "வீட்டுக்குத் தலைவர் நீங்க. உங்க இஷ்டம்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். தோற்றவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்று இரண்டு பேருக்கும் நானே தேநீர் போட்டேன்.

நான்கு நாள் பெயிண்ட் அடித்தேன். கறையில் முதலில் அடிப்பூச்சு, காய்ந்ததும் மேல்பூச்சு. புருல் பேச்சை மீறி இந்த வீட்டுச் சுவரில் ஏறிய முதல் பூச்சு அதுதான். முடித்த அன்றே ஜன்னலில் புதுத் திரைச்சீலை தொங்கியது. சுவரோடு அப்படி ஒரு பொருத்தம்.

"இவ்வளவு சீக்கிரம் எப்படித் தைச்சே?"

"துணி கையில இருந்துச்சு" என்றாள்.

கம்மல் நாள் வந்தது. காலையிலிருந்தே ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. சாயங்காலம் விளக்கைப் போட்டதும், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்கை அய்பிகே மேஜை முழுக்கக் குவித்தாள். "ஏங்க, தையல் பெட்டியில சிவப்பு ரிப்பன் இருக்கும், எடுத்திட்டு வாங்க" என்று புருல் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். பெட்டியைத் திறந்தேன். ரிப்பனுக்கு அடியில் ஒரு பல்பு, துணி சுற்றி, பத்திரமாக. போய்விட்டதாகச் சொன்ன பழைய பல்பாக இருக்கும் என்று எடுத்துப் பார்த்தேன். பழையது இல்லை. புதிது. 'வெண்ணீல ஒளி' என்று அச்சடித்திருந்தது.

அண்ணாந்து பார்த்தேன். ஹாலில் எரிவது மஞ்சள் பல்பு. அந்த வாரம்தான் எட்டாம் வகுப்புக்கு 'ஒளியும் நிறமும்' பாடம் நடத்தி முடித்திருந்தேன். வெளிச்சம் மாறினால் நிறம் மாறும். பரீட்சைக்குக் கட்டாயம் வரும் என்று அடிக்கோடு போடச் சொன்னதும் நான்தான்.

பல்பைக் கையில் பிடித்தபடி அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

"புருல், இது என்ன?"

திரும்பிப் பார்த்தாள். துளிகூட அசரவில்லை.

"பல்பு."

"திங்களும் செவ்வாயும் எரிஞ்சது இதுதானா?"

"ஆமா."

"புதன்கிழமை மாத்தினியா?"

"மெயினை அணைச்சுட்டு, கையைத் துடைச்சுட்டு, ஆறினதுக்கப்புறம் மாத்தினேன். பல்பு என் பொறுப்புதானே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கதவு தட்டப்பட்டது. சம்பந்திகள் வந்துவிட்டார்கள்.

பையனின் அம்மா கூலாய் உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்தாள், திரைச்சீலையைப் பார்த்தாள், அய்பிகேயைப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. நேரே போய் என் பெண்ணின் காதில் கம்மலைப் போட்டு நெற்றியில் முத்தமிட்டாள். மஞ்சள் வெளிச்சத்தில் கம்மல் மின்னியது. அய்பிகே அழுதாள், சிரித்தாள், ஒரே நேரத்தில் இரண்டையும் செய்தாள். பல்பை மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

பையனின் அப்பா ஷர்ஷென் லாரி ஓட்டுகிறவர். நல்ல ஆகிருதி. கறியைச் சாப்பிட்டுக்கொண்டே சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, பெண்கள் காதில் விழாதபடி குனிந்தார்.

"சம்பந்தி, உங்க ரசனையே ரசனை. எங்க வீட்லயும் போன வசந்தத்துல இதே நிறம்தான் அடிச்சேன்."

"அப்படியா?"

"எனக்கு முதல்ல பச்சைதான் ஆசை. சாயங்காலம் விளக்கைப் போட்டுப் பாத்தா சகிக்கலை. இந்த ஆப்ரிகாட்டைப் பாத்ததும் பிடிச்சிடுச்சு. என் பொண்டாட்டி வேண்டவே வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னா. நான் விடலையே! மேஜையைத் தட்டினேன். நானேதான் தேர்ந்தெடுத்தேன்."

எதிரே புருலும் கூலாயும் ஒருவருக்கொருவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

"நானும்தான், சம்பந்தி" என்றேன்.