சிவப்பு அட்டை தொங்கும் லேப்டாப்

படூர்,
தை 9

அன்புள்ள மாப்பிள்ளை ஹரிஹரனுக்கு,

உன் அத்தான் சுப்புராமன் எழுதுவது. இவ்விடம் நானும் உன் அக்கா வசுமதியும் நலம். சிங்கப்பெருமாள் கோயிலில் நீயும் சங்கரியும் நலமாயிருக்க நரசிம்மர் துணை நிற்கட்டும். போனில் சொன்னால் உன் அக்கா நடுவில் புகுந்து திருத்துவாள் என்பதால் இந்தக் கடிதம். தீபாவளி கழித்து அவள் உன்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை என் லேப்டாப்ல கை வெச்சார்னா பெட்டியைத் தூக்கிட்டு அங்க வந்துடுவேன்" என்று சொன்னதும், நீ மாடி ரூமை ஒழித்து வைத்ததும் எனக்குத் தெரியும். தாராளமாக அதில் சாமான்களைப் போட்டுக்கொள். அவள் வரவில்லை. அப்பாடா!

நடந்ததைச் சொல்கிறேன். உன் அக்காவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் திறக்கணும், எழுதணும், மூடணும், அவ்வளவுதான். சீசனில் ஞாயிறு தவறாமல் வேடந்தாங்கல் போய் பறவை எண்ணிட்டு வர்றா, ஆறு வருஷக் கணக்கும் அந்தப் பழைய லேப்டாப்லதான். அதுக்கு இனிமே விண்டோஸ் கிடையாதுன்னுட்டாங்க. சரி, அதுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் போடுவோம்னு ஆடி மாசமே ஆரம்பிச்சேன். முதல்ல அதுல மிண்ட்னு ஒரு வகை. போட்டவுடனே ஓடிச்சு, ஒரு மாசம் ஒரு தகராறும் இல்லை. அங்கதான் மாப்பிள்ளே வினையே ஆரம்பிச்சது. கல்பாக்கம் அணுமின் நிலையத்துல முப்பத்தோரு வருஷம் கன்ட்ரோல் ரூம்ல குப்பை கொட்டினவன் நான், ஒரு மிஷின் சத்தமே போடாம ஓடினா சந்தேகம் வருமா வராதா? இதைவிட உறுதியா ஒண்ணு இருக்கும்னு தேடித் தேடி உபுண்டு, ஃபெடோரா, டெபியன்னு ஏழு வகை மாத்திட்டேன். அவ வந்து உக்கார்ந்தா ஒரு வாரம் பொத்தான் இடப்பக்கம் இருக்கும், மறு வாரம் வலப்பக்கம், அதுக்கடுத்த வாரம் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா தெரியும்.

"என்னங்க, கூழைக்கடா நூத்திப்பத்து, எங்க எழுதறது?"

"ஒரு நிமிஷம்மா, புது கெர்னல் ஏத்திக்கிட்டிருக்கேன்."

"கெர்னலை நீங்களே வெச்சுக்குங்க, என் கூழைக்கடாவைக் குடுங்க!"

தீபாவளிக்கு மறுவாரம் ஏழாவதைப் போடறப்போ டிஸ்க்கையே துடைச்சுட்டேன். ஆறு வருஷமும் போச்சு. திட்டினாலாவது தேவலை, உனக்குப் போன் பண்ணினதோட சரி, ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்லை. பாத்ரூம்ல போய் அழுதுட்டே வந்தேன், சத்தியமா.

பிளான்ட்ல கோளாறுன்னா ரிப்போர்ட் எழுதணும்: எத்தனை மணிக்கு, என்ன கோளாறு, பக்கத்துல யார். பழக்க தோஷம், உக்கார்ந்து எழுதினேன். மொத்தம் பதினோரு கோளாறு. 'பக்கத்துல யார்' கட்டத்துல பதினோரு தடவையும் என் பேர்தான் வருது! உன் அக்கா வாங்கிப் படிச்சா. உள்ளே போய், பிரஷர் மாத்திரை டப்பாவிலேர்ந்து ஒரு பென் டிரைவைக் கொண்டாந்து வெச்சா. ஆறு வருஷமும் அதுல இருக்கு!

"நீங்க மூணாவது தடவை மாத்தினப்பவே எடுத்து வெச்சுட்டேன். எப்போ ஒத்துக்கிறீங்கன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள். போன உயிர் திரும்பி வந்துச்சு.

இப்போ மறுபடி அதே மிண்ட். பாஸ்வேர்டு அவகிட்ட. பிளான்ட்ல தொங்கவிடற மாதிரி லேப்டாப்ல சிவப்பு அட்டை: 'ஓடிக்கொண்டிருக்கிறது, தொடாதே.' தூசி தட்டணும்னாகூட என்ன வேலை, எந்த இடம், எத்தனை நேரம்னு நான் பர்மிட் எழுதி நீட்டணும், அவ கையெழுத்துப் போட்டாத்தான் தொடலாம். அப்டேட்டை வாரத்துக்கு ஒரு தடவை அவளே அமுக்கறா. எழுபத்திரண்டு நாளாச்சு, ஒரு கோளாறு கிடையாது. நான் பதினாலு பர்மிட் கேட்டேன், பதினாலும் தள்ளுபடி. நிம்மதியா தூங்கறேன் மாப்பிள்ளே.

உங்கள் வீட்டில் சகலமும் சத்தமில்லாமல் ஓட ஆசீர்வதிக்கும்,
அத்தான்
சுப்புராமன்

பி.கு.: உங்க வீட்டு லேப்டாப் திறக்க ரொம்ப நேரமாகுதுன்னு பொங்கலன்னிக்குச் சங்கரி சொன்னாளே, நான் மறக்கலை. அதுக்கும் ஒரு பர்மிட் எழுதி நீட்டினேன். இடம்: தம்பி வீடு. இதுவரை ஒண்ணுக்கும் கையெழுத்துப் போடாதவ, ஒரு கேள்வி கேக்காம போட்டுட்டா! நேரம் 'ஒரு மணி'ன்னு எழுதியிருந்தேன். அதை அடிச்சுட்டு 'மாசி முடியும் வரை'ன்னு அவ கையாலேயே எழுதி, என் பெட்டியையும் கட்டி வெச்சுட்டா. ஏழு வகை லினக்ஸும் ஏத்தின ஏழு பென் டிரைவோட வெள்ளிக்கிழமை வர்றேன். மாடி ரூம்ல சாமான் எதுவும் போட்டுடாதே.