மாமாவுக்கு வந்த கோடியில் ஒரு போர்வை

வால்பாறை,
வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்.

மரியாதைக்குரிய துடியலூர் திருமூர்த்தி மாமா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மச்சினன் சிங்காநல்லூர் தனபால் இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. நானும் பூங்கொடியும் இங்கே உயிரோடு இருக்கிறோம். தாங்களும் அவ்விதமே இருக்கிறீர்களா? எல்லோரும் கடிதத்தின் தலையில் மரியாதைக்குக் கேட்கிற கேள்விதானே என்று இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். எனக்கு இதற்குப் பதில் வேண்டும். போனில் கேட்டிருப்பேன், மழை பிடித்ததிலிருந்து இந்த எஸ்டேட்டில் டவர் செத்துவிட்டது. செத்துவிட்டது என்ற சொல்லுக்கு மன்னிக்கவும், வேலை செய்யவில்லை.

எல்லாம் பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் நந்திதாவால் வந்தது. நான் ரிட்டயர் ஆன நாளிலிருந்து நானும் அவள் அம்மாவும் வீட்டுக்குள் முட்டிக்கொள்கிறோமாம். அதனால் மலைமேல் ஒரு பழைய பங்களாவை மூன்று நாளைக்குப் பிடித்துக் கொடுத்தாள். அதோடு விட்டாளா? சும்மா உட்கார்ந்திருந்தால் அங்கேயும் சண்டை போடுவீர்கள் என்று, துண்டுத் துணிகளைச் சேர்த்துக் கையால் தைக்கிற ஒட்டுப் போர்வை ஒன்றைப் போனில் காட்டி, ‘பழைய துணி கொஞ்சம் எடுத்துட்டுப் போம்மா, அங்க ஆரம்பிச்சு வை, மீதியை ஊருக்கு வந்து மெதுவா தைச்சுக்கலாம்’ என்று அவள் அம்மாவுக்கு ஓதிவிட்டாள். கொண்டை ஊசி வளைவெல்லாம் நான் வாந்தி எடுத்துக்கொண்டு வர, பூங்கொடி மடியில் ஒரு பெரிய பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பையில் என்ன என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

இந்த இடத்தில், இதுவரை யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன தை மாதம் தாங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிப் படுத்திருந்ததை உங்கள் பேரன் நிதீஷ் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட, உடுமலை அத்தை கண்ணாடி போடாமல் அதைப் பார்த்து ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று அடிக்க, அதற்குக் கீழே சரசரவென்று கும்பிடு விழ, மறுநாள் ஒறம்பரைச் சனம் மொத்தமும் செத்தவருக்குப் போர்த்துகிற கோடித் துணியோடு உங்கள் வாசலில் வந்து இறங்கியதும், அப்போதுதான் ஊடு வந்து சேர்ந்து ராகிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த தாங்கள் ‘எவன்டா செத்தது?’ என்று போட்ட சத்தத்தில் அழுதுகொண்டு வந்தவர்கள் அப்படியே திரும்பி ஓடியதும் உங்களுக்கே தெரியும். அந்தக் கோடியெல்லாம் எங்கே போயிற்று என்று எப்போதாவது யோசித்தீர்களா மாமா? எழவுக்கென்று எடுத்த கோடியைப் போடாமல் ஊட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாம். கடையில் திருப்பிக் கொடுக்கலாமென்றால், ஏன் வேண்டாம் என்று கேட்பவனிடம் ஆள் பிழைத்துக்கொண்டார் என்றா சொல்வது? பல்லடம், காங்கேயம், தாராபுரம் எல்லாவற்றுக்கும் பஸ் சிங்காநல்லூரில்தானே. ‘ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டுப் போறோமுங்’ என்று ஒவ்வொருத்தராக என் வீட்டுக்குள் வந்தார்கள், போகும்போது வெறுங்கையை வீசிக்கொண்டு போனார்கள். சோபாவுக்குப் பின்னால் ஒரு கவர், செருப்பு ஸ்டாண்டில் ஒரு கவர், இன்வெர்ட்டர் மேல் ஒரு கவர். உடுமலை அத்தை மட்டும் என் கையிலேயே கொடுத்து, ‘நீ மச்சினன், உனக்கு ஒண்ணும் ஆவாது’ என்றாள். எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டு, அந்தப் பக்கம் தலைநிமிர்ந்து பார்ப்பதையே விட்டிருந்தேன்.

அந்த மூட்டைதான் மாமா பூங்கொடியின் பையில் இருந்தது. பங்களாவின் முன்பக்கம் சுற்றிலும் கண்ணாடி வைத்த ஓர் அறை, அதில் ஒரு பிரம்பு நாற்காலி. அங்கே உட்கார்ந்து அவள் பையைக் கவிழ்த்தபோது அத்தனையும் சதுரம் சதுரமாக, ஸ்வீட் பெட்டி அட்டையை அளவு வைத்து வெட்டின வெள்ளை வேட்டித் துணி. ‘அடியே, அது கோடிடி!’ என்று கத்தினேன். ‘புத்தம்புது வேட்டிங்க, பாச்சை அரிச்சுப் போகோணுமா? உங்க மாமாவுக்கு இப்பெல்லாம் குளிரு தாங்கறதில்லீங்க. அவருக்குத்தான் தைக்கறேன். அவருக்கு வந்த துணி அவருக்கே போகட்டும்’ என்றாள். ‘அதுக்குப் பேருதான் கோடி போடறது!’ என்றேன். ‘மூலைக்கு மூலை மஞ்சள் வெச்சுப்போட்டா அது புதுத்துணிதானுங்க, போயி மாத்திரை போட்டுட்டுப் படுங்க’ என்று சொல்லி, ஒவ்வொரு சதுரத்துக்கும் மஞ்சள் பொட்டு வைத்து, ஒரு வரிசையைக் கோணல்மாணலாகத் தைத்து நாற்காலியில் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

விடிந்து பார்க்கிறோம், கோணலாக இருந்த தையல் முழுவதும் பிரிக்கப்பட்டு, பிரித்த நூல் ஒரு காகிதச் சுருளில் அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வரிசை மறுபடி தைக்கப்பட்டிருக்கிறது, அதன் கீழே இன்னும் மூன்று வரிசை. தையல் என்றால் தையலா அது, உங்கள் பட்டறை லேத்தில் பிடித்து எடுத்த மாதிரி ஒரே நேர்கோடு. மஞ்சள் பொட்டு ஒன்றுகூட இல்லை. துவைத்த தடம் இல்லை, ஈரம் இல்லை, பொட்டு மட்டும் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எனக்குச் சட்டைப் பித்தான் தைக்க வராது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது பங்களாச் சமையல்காரர் ஜபருல்லா பாய் டீ கொண்டுவந்தார். நல்ல மனுசர், கோயமுத்தூர்க் கோட்டைமேட்டுக்காரர், மலைக்கு வந்து ரொம்ப வருசம் ஆகிறதாம். தட்டில் மூன்று டம்ளர். ‘யாருக்குங்க பாய் இது?’ என்றால், ‘பெரியவருக்குங்க. சக்கரை போட்டதுக்குக் காலங்காத்தால ஏசிப்போட்டாரு, அதான் வேற போட்டுக் கொண்டாந்தேன்’ என்கிறார். எந்தப் பெரியவர்? ‘உங்க கூட வந்தவருதானுங்க. கண்ணாடிய நெத்தி மேல ஏத்திவிட்டுட்டு ஊசியில நூல் கோத்துட்டு இருந்தாரே. டம்ளரு விளிம்புல டீ வழிஞ்சிருந்ததுக்கும் ஏசுனாருங்க.’ மாமா, சர்க்கரை ஆகாமல், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டம்ளர் விளிம்பில் டீ வழிந்ததற்குக்கூட ஓர் ஆளைத் திட்டுகிறவர் நம் குடும்பத்தில் ஒருத்தர்தான். பட்டறையில் நீங்கள் திட்டி அழாத ஆள் உண்டா? நான் என் டம்ளரைத் தொடவே இல்லை. பூங்கொடி மட்டும் அந்த மூன்றாவது டம்ளரை ஆறிப்போவதற்குள் கொண்டுபோய் நாற்காலி பக்கத்தில் வைத்தாள். ‘மரியாதைக்குங்க’ என்றாள்.

நேற்று மத்தியானம் நானே பார்த்தேன். மேகம் இறங்கிக் கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இல்லை, தேயிலை இல்லை, ரோடு இல்லை, வெள்ளையாக மூடிக் கிடந்தது. பட்டப்பகலில் விளக்குப் போடலாமா என்று அந்த அறைக்குப் போனால், நாற்காலியில் முதுகைக் காட்டி ஒரு வெள்ளை வேட்டி உட்கார்ந்திருக்கிறது. வலது கை மட்டும் ஏறுகிறது, இறங்குகிறது. துணிக்குள் நூல் இழுபடும் சத்தம் கேட்கிறது. ஓடிவிடலாமென்று ஒரு காலைப் பின்னால் வைத்தேன். ஆனால் மாமா, ஒறம்பரை வந்திருக்கையில் வாங்க என்று சொல்லாமல் நிற்பது எப்படி? ‘வாங்க மாமா, எப்ப வந்தீங்க? சாப்பிட்டீங்களா?’ என்று என் வாய் தானாகக் கேட்டுவிட்டது. கை நின்றது. திரும்பவில்லை. உங்கள் குரலேதான், கொஞ்சம் தூரத்திலிருந்து, ‘தைச்சுப்போட்டு வாரேன், மாப்பிள்ளை’ என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றேன். திறந்தால் காலி நாற்காலி, காற்றே இல்லாமல் ஊசி நூலில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

இன்று காலை போர்வை முடிந்துவிட்டது. ஆரம்பித்து வைக்க வந்த போர்வை, மாமா! நடுவில் ஒரு சதுரத்துக்குத் துணி பத்தாது என்று பூங்கொடி சொல்லியிருந்தாள். அந்த இடத்தில் இப்போது ஒரு பச்சைத் துண்டுத் துணி இருக்கிறது, கரை ஆரஞ்சு நிறம், சலவை செய்து நைந்தது. தங்கள் தோளில் தினமும் கிடக்கிற அதே பச்சைத் துண்டை எடுத்து நான்கு மூலையும் முழுசாக இருக்கிறதா என்று உடனே பார்க்கவும். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அக்காவுக்குத் தாலி கட்டின நாளிலிருந்து என்னைத் திட்டியே வளர்த்தவர் நீங்கள், உங்களுக்கு ஒன்று என்றால் நான் யாரிடம் போய்த் திட்டு வாங்குவேன்? நான் யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இது: அன்றைக்கு அத்தனை பேர் கும்பிட்டு, அழுது, செத்துப்போனார் என்று அனுப்பிவைத்த ஒரு திருமூர்த்தி மாமா எங்கேயோ நின்றுகொண்டிருந்திருக்கிறார். கோடி இல்லாமல் அவர் போக முடியவில்லை. இப்போது துணி வெளியே வந்ததும் அவரும் வந்துவிட்டார். அவருக்கு உடம்பு வேண்டும், போர்த்துவதற்கு; அது உங்களிடம்தான் இருக்கிறது.

ஆகவே மாமா, கெஞ்சிக் கேட்கிறேன். யார் கொண்டுவந்தாலும், பூங்கொடியே கொண்டுவந்து பாசமாக நீட்டினாலும், அந்தப் போர்வையை மேலே போட்டுக்கொள்ளாதீர்கள். அதை என் சூட்கேசில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டியிருக்கிறேன். நாளை இறங்கும்போது வழியில் எங்காவது ஆற்றில் விட்டுவிடுவேன். இந்தக் கடிதத்தைத் தங்கள் பட்டறையில் முன்பு வேலை பார்த்த கண்டக்டர் கதிர்வேல் கொண்டுவருவான். தாங்கள் நலமாக இருந்தால் அவனை வாசலில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி திட்டவும். அவன் அழுதுகொண்டே மலை ஏறி வந்தால் நான் நிம்மதியாக மூச்சு விடுவேன்.

அக்கா சின்னாத்தாளுக்கு என் கும்பிடு. நிதீஷுக்கு ஆசி, இனி போட்டோ எடுக்க வேண்டாம் என்றும் சொல்லவும். தாங்கள் நூறு வருசம் இருந்து எங்கள் எல்லோரையும் திட்ட அந்த மருதமலையான் அருள வேண்டும்.

தங்கள் திட்டுக்குக் காத்திருக்கும்,
தனபால்.

பின்குறிப்பு: மாமா, சூட்கேசைத் திறந்து பார்த்தேன். என் பனியன்தான் இருக்கிறது. பூங்கொடியைக் கேட்டால், ‘நீங்க போற வழியில வீசிப்போடுவீங்கன்னு தெரியுமுங்க. நீங்க குளிக்கறப்பக் கழட்டி வெச்ச சாவியெடுத்து, காலை பஸ்ஸுலயே கதிர்வேல்கிட்டக் குடுத்துட்டேன். பொழுதோட உங்க மாமா ஊட்டுல சேத்திருவான்’ என்கிறாள். எனவே இக்கடிதத்தை அடுத்த பஸ் டிரைவர் ரவிக்குமாரிடம் கொடுக்கிறேன். போர்வை வந்து சேர்ந்த பிறகுதான் இது வரும். ஆனால் அது இல்லை விஷயம். இப்போதுதான் ஜபருல்லா பாய் சொன்னார், பெரியவரும் அதே பஸ்ஸில் ஏறிவிட்டாராம், போர்வையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாராம். கதிர்வேல் டிக்கெட் கேட்கவில்லையாம், பழைய முதலாளி என்று எழுந்து நின்று கும்பிட்டானாம். மாமா, வாசலில் யாராவது கூப்பிட்டால் ஏனென்று கேட்காதீங்க, கதவைத் திறக்காதீங்க. அக்காவையும் திறக்க விடாதீங்க. கூப்பிடறது உங்க குரலாத்தான் இருக்கும்.